மனுல இருக்கற அந்த "வீணாக"வ எடுத்துப்போடுங்க: கொங்கு பாசன சங்கத்துக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாசன சங்கத்து பெரியவங்களுக்கும் அண்ணமாருங்களுக்கும், மதகு மதகா அலைஞ்சு கையெழுத்து வாங்கிட்டு இருக்கற தம்பிகளுக்கும் வணக்கமுங்க.

போன வாரம் மனுவ எடுத்துட்டு எங்க தோட்டத்துக்கு வந்தீங்க. நான் கையெழுத்து போடல. படிச்சு பாத்துட்டு பொறவு போடறேன்னு திருப்பி குடுத்துட்டேன், அது ஊருக்குள்ள வேற மாதிரி பரவிப்போச்சு. "கடைமடைக்காரனே போடலீன்னா பொறவு யாருடா போடுவா"ன்னு எங்க பெரியப்பா பையன் போன்ல சத்தம் போட்டாரு, சொசைட்டில பால் ஊத்தப்போன எடத்துல ரெண்டு பேரு மொகத்த திருப்பிக்கிட்டாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்லி மாளாது, அதனால எல்லாத்துக்கும் ஒட்டுக்கா எழுதறேனுங்க. கொஞ்சம் நீளமாத்தான் போவும், பொறுத்துக்கிட்டு படிங்க.

மனுல கேக்கற விசயத்துல எனக்கு சண்டையே இல்ல. ஆத்துல வெள்ளம் வர்றப்ப உபரித்தண்ணில ஒரு பங்க காஞ்சு கெடக்கற நம்ம பக்கத்து குளம் குட்டைக்கு திருப்பி வுடுங்கன்னு கேக்கறோம், நாயந்தான். அத்திக்கடவு அவிநாசி திட்டத்துக்கு நம்ம சனம் எத்தன வருசம் கத்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், ரெண்டு தலைமுறை மனு குடுத்து 2024 ஆகஸ்ட்லதான் தொறந்தாங்க, 1.5 டிஎம்சி, 1,045 குளம் குட்டை. அவிநாசி பக்கம் எங்க சின்ன மாமனாரு ஊருக்குட்டைல தண்ணி வந்தன்னைக்கு அந்த மனுசன் கரைல நின்னு அழுதுட்டாரு, எழுபது வயசுல. அந்த தண்ணி வேண்டாம்னு சொல்ற ஆளு நான் இல்லீங்க.

எனக்கு ஒப்பாதது ஒரே ஒரு வார்த்தை. மனுல மூணு எடத்துல வருது, "கடலில் வீணாக கலக்கும் நீர்"னு. அந்த "வீணாக".

போன தை மாசம் வரைக்கும் இந்த வார்த்தைய நானும் சொல்லிட்டுத்தான் இருந்தேன். டீக்கடைல சொல்லிருக்கேன், கண்ணால ஊட்டு பந்தில உக்காந்து சொல்லிருக்கேன், மேட்டூர் நெறஞ்சு கொள்ளிடத்துல லட்சம் கன அடி போவுதுன்னு டிவில காட்டறப்பெல்லாம் வயிறு எரிஞ்சு சொல்லிருக்கேன். பொறவு தையில பொங்கல் நோம்பி முடிஞ்சு குடும்பத்தோட கோடியக்கரைக்கும் முத்துப்பேட்டை அலையாத்தி காட்டுக்கும் போயிட்டு வந்தோம். அதுக்கப்பறம் அந்த வார்த்தை வாயில வர மாட்டேங்குது.

ஏன் அங்க போனோம்னா, எங்க மச்சினன் கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருக்கான். 2018 நவம்பர் 16 வெடியறதுக்கு முன்னாடி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுனப்ப நம்ம ஈரோடு கோயமுத்தூர் பக்கத்துல இருந்தெல்லாம் ஆளுங்கள கம்பம் நட அனுப்புனாங்கல்ல, அதுல இவனும் போயி ஒரு மாசத்துக்கு மேல அங்கயே கெடந்தான். ஓடு பறந்துபோன ஊட்டுல, தங்களுக்கே சோத்துக்கு வழியில்லாத நேரத்துல, ஒரு குடும்பம் இவனுங்க அஞ்சு பேருக்கும் தெனமும் கஞ்சியோ குழம்போ காச்சி ஊத்திருக்குது. அந்த பழக்கம் வுட்டுப்போகல. அந்த ஊட்டு அண்ணன் வருசா வருசம் கருவாடு அனுப்புவாரு, நாங்க இங்கிருந்து தேங்காயும் மஞ்சளும் நாட்டுச்சக்கரையும் அனுப்புவோம். ஒருக்கா வந்து எங்க காட்ட பாத்துட்டு போங்கன்னு ஏழெட்டு தடவ கூப்பிட்டுட்டாரு, இந்த தடவதான் மாடு பாக்க ஆளு கெடச்சு கெளம்ப முடிஞ்சுது.

வெடியால மூணு மணிக்கு கெளம்பி கரூர், திருச்சி, தஞ்சாவூரு, நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். வழி நெடுவுல ஆறு கூடவே வர்ற மாதிரி இருந்துச்சு. எங்க பையன் எட்டாவது படிக்கறான், மேப்ப பாத்துக்கிட்டே வந்தான். பவானி கூடுதுறைல சேருது, நம்ம நொய்யல் கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கற ஊருகிட்டயே போயி சேருது, அமராவதி திருமுக்கூடலூர்ல சேருது, அப்பறம் கல்லணைல காவேரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்னு நாலா பிரியுது. நீடாமங்கலம்கிட்ட மூணாறு தலைப்புல வெண்ணாறு மறுக்காவும் பிரிஞ்சு கோரையாறு, பாமணியாறுன்னு தெக்க இறங்குது. "அப்பா, நம்ம மதகு மாதிரியே பிரிச்சு பிரிச்சு வுட்டுட்டே போறாங்க, கடைசி மதகு எது?"ன்னு கேட்டான். எனக்கு தெரியல. பாக்கலாம்னு சொன்னேன்.

மொதோ நா கோடியக்கரை. வேதாரண்யத்துல இருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல தெக்க, ரெண்டு பக்கமும் உப்பளம், குமிச்சு வெச்ச உப்புக்கு மேல பனையோல மூடிருக்குது. வழியில அகஸ்தியம்பள்ளில உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்குது, நம்ம திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல ஆசிரமம் வெச்சிருந்த ராஜாஜி 1930ல திருச்சில இருந்து நடந்தே வந்து ஏப்ரல் 30ந் தேதி உப்பு அள்ளுன எடம். நம்மூர்ல இருந்து அங்க போன மொத ஆளு நாம இல்லைன்னு பையன்கிட்ட காட்டுனேன்.

செக்போஸ்ட்ல டிக்கெட் எடுத்துட்டு உள்ள போனா கொஞ்ச தூரம் காடு. நம்ம சத்தியமங்கலம் காடு மாதிரி ஒசந்த காடு இல்ல, குட்டை குட்டையா, அடர்த்தியா, கடல் காத்துக்கு ஒரே பக்கமா சாஞ்சு நிக்கற மரம். பாலை மரந்தான் எச்சா. மழை நாலு மாசம் பேஞ்சு எட்டு மாசம் காயற எடத்துல வருசம் பூரா பச்சையாவே நிக்கற காடு இதுன்னு வாட்சர் சொன்னாரு, கடலோரத்துல இந்த மாதிரி காடு இப்ப நெம்ப கொறஞ்சு போச்சாம். கஜால முறிஞ்ச மரம் இன்னும் அங்கங்க கெடக்குது, முறிஞ்ச எடத்துலயே தளுத்திருக்குது.

காடு முடிஞ்சு வெளிய வந்தா ஒரு பெரிய புல்வெளி பாருங்க. எனக்கு ஒரு நிமிசம் நம்ம காங்கயம் பக்கத்து கொரங்காட்டுக்கே, அதான் மாடு மேய்க்கற புல்லுக்காட்டுக்கே வந்துட்ட மாதிரி இருந்துச்சு. கிளுவ வேலி இல்ல, வெள்வேலா மரம் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த புல்லுல வெளிமான் மேஞ்சுட்டு இருந்துச்சு, நாப்பது அம்பது இருக்கும். கெடா கருகருன்னு, முறுக்கிவுட்ட கம்பி மாதிரி கொம்பு, வயிறும் கண்ணச்சுத்தியும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. நம்ம மோயாத்து பள்ளத்தாக்குலயும் இது இருக்குதுங்க, ஆனா அங்க தூரத்துல ஓடறதத்தான் பாக்க முடியும். இங்க நின்னு நெதானமா பாத்தோம். இந்த மானுக்காகத்தான் 1967லயே இத சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. திடீர்னு ஒண்ணு தவ்வுச்சு, பொறவு எல்லாம் தவ்வுச்சு, காரணமே இல்லாம, கண்ணுக்குட்டி கட்டுத்தறில இருந்து அவுத்துவுட்டா தவ்வுமே அந்த மாதிரி. எங்க ஊட்டுக்காரி ஜீப்ல இருந்து எந்திரிச்சு நின்னுட்டா. முப்பது வருசத்துல அவ அப்படி சிரிச்சு நான் அடிக்கடி பாத்ததில்லீங்க, வெய்யலும் வேலையுமாவே போயிருச்சு.

குதிரையும் இருக்குது, ஒரு காலத்துல ஆளுங்க வளத்து வுட்டது அப்படியே காட்டுக்குதிரை ஆயிருச்சு. ராமர் பாதம்னு ஒரு மேடு, அந்த பக்கத்துலயே அதுதான் ஒசரமான எடமாம், ஒசரம் எவ்வளவுன்னா நாலு மீட்டர். சென்னிமலை அடிவாரத்துல பொறந்தவனுக்கு அத கேட்டப்பதான் அந்த ஊரு எவ்வளவு தாழ்ந்து கடலோட கடலா கெடக்குதுன்னு உறைச்சுது. நாலு மீட்டரு. கஜா வந்தப்ப கடல் ஏறி வந்து மானும் குதிரையும் அடிச்சுட்டு போனதுல என்ன ஆச்சரியம். சோழர் காலத்துல கட்டுன செங்கல் கலங்கரை விளக்கம் ஒண்ணு இருந்துச்சாம், 2004 சுனாமி அதையும் வாங்கிருச்சு.

பொழுதோட உப்புத்தண்ணி ஓரமா பூநாரை பாத்தோம். தூரத்துல ஒரு வெள்ளக்கோடு மாதிரி தெரிஞ்சுது, அண்ணன் பைனாகுலர் குடுத்தாரு, பாத்தா கோடு பூரா பறவை. தலைய தலகீழா தண்ணிக்குள்ள வுட்டு அரிச்சு அரிச்சு திங்குது. றெக்கைய விரிச்சப்ப உள்ள ரோஸ் கலரு. குஜராத் கட்ச் பக்கத்துல இருந்து வருதுங்களாம் இதுங்க. இன்னும் சின்னச்சின்ன உள்ளான் குருவி எல்லாம் இமயமலைக்கு அந்தப்பக்கம் இருந்து வருது, பம்பாய் இயற்கை வரலாற்று கழகத்துக்காரங்க பல பத்து வருசமா அங்கயே தங்கி பறவை காலுக்கு வளையம் மாட்டி கணக்கு எழுதறாங்க. 2002ல இந்த சுத்துப்பட்டு பூரா, முத்துப்பேட்டை காடும் சேத்து 385 சதுர கிலோமீட்டர ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல சேத்தாங்க, தமிழ்நாட்டுல அதுதான் மொதோ எடம், இருவது வருசம் அது ஒண்ணேதான். அதுக்கப்பறந்தான் 2022ல நம்ம வெள்ளோடு பறவை சரணாலயம், 2024ல நம்ம திருப்பூர் நஞ்சராயன் குளம் எல்லாம் வந்துச்சு. நஞ்சராயன் குளத்துக்கு பட்டியல்ல எடம் கெடச்சப்ப நாம பெருமையா பேசுனோமே, அந்த பட்டியல்ல நமக்கு அண்ணன் மொறை இந்த காடு.

இனி முத்துப்பேட்டைக்கு வர்றேன், எனக்கு சொல்ல வேண்டியதே இங்கதான் இருக்குது.

ரெண்டாம் நா வெடியால ஜாம்பவானோடை படகுத்துறைல இருந்து கோரையாத்துல படகு ஏறுனோம். அண்ணனோட சொந்தக்காரரு ஒருத்தரு படகு ஓட்டுனாரு, பாரெஸ்ட்ல முன்னாடியே பர்மிசன் வாங்கி வெச்சிருந்தாங்க. மொதல்ல சாதாரண ஆறு மாதிரிதான் இருந்துச்சு, கரைல தென்னை, அப்பறம் மெல்ல மெல்ல கரை தாழ்ந்து, ரெண்டு பக்கமும் அலையாத்தி மரம் வந்து தண்ணி மேல கவுந்துக்கிச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல அந்த பச்சைக்குள்ளயே போனோம். இஞ்சின நிறுத்துனா சத்தமே இல்ல, சேத்துல நண்டு வளைக்குள்ள போற கிசுகிசுப்பு மட்டும் கேக்குது. கரைசேத்து மேல ஒரு மீனு தவ்வி தவ்வி போவுது, தண்ணிக்கு வெளிய, ஓணான் மாதிரி. மரத்தடி பூரா சேத்துல இருந்து வெரக்கடை ஒசரத்துக்கு குச்சி குச்சியா ஆயிரக்கணக்குல நட்டு வெச்ச மாதிரி இருந்துச்சு, என்னங்க இதுன்னு கேட்டா வேருங்கறாரு. சேத்துக்குள்ள காத்து கெடையாது, அதனால வேரு மேல வந்து மூச்சு வுடுதாம். எல உப்பு கக்கும் நக்கி பாருங்கன்னாரு, பையன் நக்கி பாத்துட்டு மொகத்த சுளிச்சான், நானும் நக்கி பாத்தேன், நெசமாலுமே உப்புங்க. வேரு வழியா ஏறுன உப்ப எல வழியா வெளிய தள்ளிருது அந்த மரம்.

அலையாத்திங்கற பேர பாருங்க, அலைய ஆத்தற மரம். கொதிக்கற காப்பிய ஆத்தற மாதிரி கோவமா வர்ற அலைய ஆத்திவுடுது. கஜா அன்னைக்கு இந்த காட்டுல மரம் கொள்ளை கொள்ளையா முறிஞ்சு எல உதிந்து காஞ்சு போச்சாம். அது வாங்குன அடிய ஊரு வாங்கியிருந்தா நான் இன்னைக்கு உங்களுக்கு படகு ஓட்டிருக்க மாட்டேன்னாரு படகுக்காரரு.

அவருகிட்ட நான் கேட்டேன், உப்புத்தண்ணில வளர்ற மரம்தான, அதுக்கு நம்ம ஆத்துத்தண்ணி எதுக்குங்கன்னு. அவரு படகு ஓட்டறத நிறுத்திட்டு விளக்குனாரு. முழு உப்புல இந்த மரம் சாகாது, ஆனா வளராது, குள்ளமா நொந்துபோயி நிக்கும், விதை முளைக்காது. ஐப்பசி கார்த்திகைல ஆத்துலயும் வடிகால்லயும் நல்ல தண்ணி எறங்கி வந்து உப்ப கரைச்சுவுட்டா காடு தெளியும், சித்திரை வைகாசில மறுக்காவும் உப்பு ஏறும். அந்த கலப்புத்தண்ணிலதான் எறாக்குஞ்சு வேருக்குள்ள பூந்து வளந்து பொறவு கடலுக்கு போவுது. மடவை, கொடுவா, சேத்து நண்டு எல்லாம் அப்படித்தான். நல்ல தண்ணி வராத வருசம் எங்க வலை காலிண்ணே, கடலுக்குள்ள போற போட்டுக்காரனுக்கும் காலி, ஆனா அது அவனுக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும்னாரு. அப்பறம் சாதாரணமா கேட்டாரு, மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டு கேக்கல, "உங்க பக்கமெல்லாம் கடலுக்கு வர்ற தண்ணிய வீணுன்னு சொல்லுவாங்களாமே, டிவில பாத்தேன், நெசமாண்ணே?"

நான் பதில் சொல்லல. சொல்ல முடியல. எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துருச்சு.

நம்ம கீழ்பவானி வாய்க்கா எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 200 கிலோமீட்டர் வாய்க்கா, 2,07,000 ஏக்கரு, ஒத்தப்படை மதகுக்கு ஒரு போகம், ரெட்டப்படை மதகுக்கு ஒரு போகம்னு ரெண்டா பிரிச்சு வுடறாங்க. தலைமதகுல இருக்கறவனுக்கு தெறந்த மூணாம்நா தண்ணி, எங்க பக்கம் வர்றதுக்குள்ள வாய்க்காலே கலங்கி களைச்சு வரும், சில வருசம் வராமயே போவும். நான் சின்னப்பையனா இருந்தப்ப ஒரு கூட்டத்துல மேல்மடைக்காரர் ஒருத்தர் எந்திரிச்சு சொன்னாரு: கடைமடைக்கு வுடற தண்ணி பூரா வழியிலயே கசிஞ்சு வீணாத்தான் போவுது, அத மேலயே கட்டுனா இன்னும் நல்லா வெளையும், அவங்களுக்கு எதுக்கு. அன்னைக்கு எங்கப்பா சைக்கிள தள்ளிக்கிட்டே ஊடு வந்து சேந்தாரு, சோறு திங்கல, கட்டல்ல படுத்து ஓட்ட பாத்துட்டே இருந்தாரு. எங்க ரெண்டு ஏக்கர் கடலைக்கு வந்த தண்ணிய வீணுன்னு ஒரு மனுசன் சொல்லிட்டானேங்கற வெசனம் அவருக்கு சாகற வரைக்கும் இருந்துச்சு.

அந்த படகுல உக்காந்துட்டு இருக்கறப்ப எனக்கு புரிஞ்சது இதுதாங்க. பையன் கேட்டானே கடைசி மதகு எதுன்னு, அது இந்த காடுதான். கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு, கந்தபரிச்சானாறு எல்லாம் கடைசியா வந்து வுழுகற எடம். நாம பாய்ச்சி, கரூர்க்காரன் பாய்ச்சி, திருச்சிக்காரன் தஞ்சாவூர்க்காரன் மன்னார்குடிக்காரன் எல்லாரும் பாய்ச்சி மிச்சம் ஒழுகறத வாங்கி உசுரு வெச்சிருக்கற கடைமடை. அதுக்கு சங்கமும் கெடையாது, மனு குடுக்க கையும் கெடையாது. அது வாங்கற தண்ணிய வீணுன்னு நான் சொன்னா, அந்த கூட்டத்துல எந்திரிச்சு பேசுன ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசமுங்க?

இன்னொண்ணும் யோசிச்சு பாருங்க. வாய்க்காலுக்கு கான்கிரீட் போட வந்தப்ப நம்மள்ல பாதிப்பேரு ரோட்டுல உக்காந்தீங்க. கசியற தண்ணி வீண் இல்ல, அதுதான் கெணத்துக்கு போவுது, அதுதான் மரத்துக்கு போவுதுன்னு மைக்குல சொன்னீங்க. நான் கடைமடைக்காரன், எனக்கு தண்ணி வந்து சேந்தா போதும்னு இருந்துச்சு, அதனால அப்ப உங்களோட முழுசா நிக்கல. ஆனா நீங்க சொன்ன வார்த்தை நெசம். கண்ணுக்கு தெரியாம போற தண்ணி எங்கயோ ஒரு உசுருக்கு போயி சேருது. அத 200 கிலோமீட்டர் வாய்க்காலுக்கு சொன்னவங்க, அதே நாயத்த ஆத்துக்கு சொல்லக்கூடாதா?

வெள்ளம் வர்றப்ப லட்சக்கணக்கு கன அடி கொள்ளிடத்துலதான போவுது, அது முத்துப்பேட்டைக்கு போறதில்லையேன்னு நீங்க கேக்கலாம். சரிதான், அந்த தண்ணி வடக்க பழையாறுகிட்ட கடல் சேருது, ஆனா கொள்ளிடத்து முகத்துக்கும் வெள்ளாத்து முகத்துக்கும் நடுவுலதான் பிச்சாவரம் காடு இருக்குது. அதுவும் அலையாத்தி காடுதான். அப்பறம் கொள்ளிடத்துல வரத்து கொறஞ்சா கடல் எதிர்த்து ஏறி வருது, கரையோர கெணறெல்லாம் உப்பாவுது. ஆத்துல எறங்கற தண்ணிதான் கடல புடிச்சு நிறுத்தி வெக்கற கை. அத்தனை தண்ணியும் வேணுமான்னு கேட்டா, பெருவெள்ளத்துல ஒரு பங்கு நாம எடுத்துக்கறதால காடு ஒண்ணும் செத்துப்போகாது, அதனாலதான் மனுவ நான் எதிர்க்கல. ஆனா கடலுக்கு போறதெல்லாம் வீணுன்னு ஒருக்கா எழுதி பழகிட்டம்னா, அடுத்த தலைமுறை கடைசி சொட்டையும் நிறுத்தறதுதான் கெட்டிக்காரத்தனம்னு நெனைக்கும். அத நெனச்சாத்தான் எனக்கு பயமா இருக்குது.

அந்த காடு ஒருக்கா பாதி செத்த கதையும் படகுக்காரரு சொன்னாரு, பண்ணையம் பண்றவங்களுக்கு டக்குனு புரியும். வெள்ளக்காரன் காலத்துல இருந்தே வெறகுக்கு காட்ட பாகம் பாகமா பிரிச்சு முழுசா வெட்டிருக்காங்க, சுதந்திரம் வந்ததுக்கு பொறவும் கொஞ்ச காலம் நடந்திருக்குது. மரம் போனதும் வெய்யல் நேரா சேத்துல அடிச்சு, சேறு காஞ்சு அமுங்கி தட்டு மாதிரி குழிவாயிருச்சு, ஏறி வந்த கடல்தண்ணி எறங்க வழியில்லாம அங்கயே நின்னு காஞ்சு உப்பு பூத்துப்போச்சு. நம்ம பள்ளக்காட்டுல வடிகால் இல்லாத வயல் களராவுமே, அதேதான். அப்பறம் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்சனத்தோட சேந்து வாய்க்கா வெட்டிருக்காங்க. மீன் முள்ளு மாதிரி, நடுவுல ஒரு பெரிய வாய்க்கா, ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கா. தண்ணி ஏறி எறங்க வழி கெடச்சதும் உப்பு கழுவிப்போயி, நட்ட விதை புடிச்சிருக்குது. அந்த வாய்க்கா ஓரத்து மரங்கள பாத்தோம், வரிசை வரிசையா, நம்ம தென்னந்தோப்பு மாதிரி நெட்டுக்க நிக்குது. மம்முட்டி புடிச்ச கை ஒரு காட்ட பொழைக்க வெச்சிருக்குதுங்க. அத பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

நொய்யல பத்தியும் சொல்லாம இந்த மடல முடிக்க முடியாது. அங்க யாரும் எங்கள குத்தம் சொல்லல, ஆனா எனக்கு உள்ளுக்குள்ள குறுகுறுன்னுதான் இருந்துச்சு. 1992ல ஒரத்துப்பாளையம் டேம் கட்டி பாசனத்துக்குன்னு வெச்சோம், சாயத்தண்ணி தேங்கி சுத்து ஊரு கெணறு பூரா கெட்டுச்சு, 2011 ஜனவரில ஐகோர்ட் சாயப்பட்டறைகள மூட சொன்ன பொறவுதான் சுத்திகரிப்பு ஒரு வழிக்கு வந்துச்சு. அந்த ஆறும் கடைசில சேர்றது காவேரிலதான். நாம கீழ வுடற தண்ணி என்ன தண்ணிங்கறதும் கடைமடைக்காரனுக்கு நாம பண்ற மரியாதைல சேரும். இப்பவும் ராத்திரி மழை பேஞ்சா ஆத்துல நுரை வர்றத நாம எல்லாரும் பாக்கறோம், பாத்துட்டு கார் கண்ணாடிய ஏத்திக்கறோம்.

நான் கேக்கறது ரெண்டே விசயமுங்க.

சங்கத்துல வருசா வருசம் ஒரு டூர் போறோம்ல, கடைசியா போன மூணு டூரும் கோயிலும் டேமுந்தான். வர்ற தையில ரெண்டு பஸ் போட்டு முத்துப்பேட்டையும் கோடியக்கரையும் போலாம். ஐப்பசில இருந்து தை முடிய பறவைக்கு நல்ல காலம். படகுக்கும் காட்டுக்கும் பாரெஸ்ட்ல முன்கூட்டியே கேட்டு வாங்கோணும், அத நான் பாத்துக்கறேன், அந்த ஊரு அண்ணன் கூட நிக்கறேன்னு சொல்லிட்டாரு. சாப்பாட்ட இலைல கட்டி எடுத்துக்கலாம், பாட்டிலு கவரு எதுவும் காட்டுக்குள்ள வேண்டாம், கொரங்குக்கு யாரும் திங்க போடக்கூடாது. பொம்பளைங்களையும் கூட்டிட்டு போவோணும், பள்ளிக்கூடத்து பசங்களையும். மதகுச்சாவி வெச்சிருக்கற லஸ்கர் அண்ணனையும் கூட்டிட்டு போவோணும், தண்ணிய தெறக்கற கை அது போயி சேர்ற எடத்த ஒருக்கா பாக்கட்டும்.

இன்னொண்ணு அந்த மனு. மூணு எடத்துலயும் "வீணாக"ங்கறத அடிச்சுட்டு, "வெள்ளக் காலத்தில் கடைமடைக்கும் கழிமுகக் காடுகளுக்கும் தேவையானது போக மிஞ்சும் நீரில் ஒரு பங்கு"ன்னு எழுதி மறுக்கா டைப் அடிங்க. அந்த செலவு எவ்வளவானாலும் நான் குடுத்தறேன். மனுவோட பலம் இதனால கொறையாது, கடைமடைக்காரன எதிர்த்துக்காம கேக்கறதுனால கூடத்தான் செய்யும்னு எனக்கு தோணுது.

அத எடுத்துட்டு தோட்டத்துக்கு வாங்க. வெடியால பால் கறந்து ஊத்திட்டு ஏழு மணிக்கெல்லாம் வந்துருவேன். என் கையெழுத்தும் போட்டு, எங்க மதகுல பாக்கி இருக்கற பதினேழு பேருகிட்டயும் நானே கூட வந்து வாங்கித்தர்றேன்.

இப்படிக்கு,
கீழ்பவானி கடைமடை பாசனக்காரன் ஒருத்தன்